இரண்டு தட்டு, இரண்டு தம்ளர்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் கல்லூரியில் 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். முதுகலை முதலாண்டில் திருமணம் செய்துகொண்டு, குடும்பமும் படிப்புமாக ஏழு ஆண்டுகள் ஓட்டியவர்.)

கேள்வி: எனக்கு வயது 23. திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். கணவர் பகலில் வேலைக்குப் போகிறார். மாலையில் பட்டயப் படிப்புக்குப் போகிறார். இருவரும் வீடு திரும்பும்போது மணி எட்டாகிவிடும். சிங்க் நிறையப் பாத்திரம், நாற்காலி நிறையத் துணி. நேர அட்டவணை ஒன்றை ஐந்து நிறங்களில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். நான்காம் நாளே அது பொய்யாகிவிட்டது. எனக்கு ஒழுங்கு போதாதா, அம்மா?

பதில்: ஒழுங்கு போதாதவர் ஐந்து நிறங்களில் அட்டவணை எழுதமாட்டார். நானும் எழுதியவள்தான். என்னிடம் இருந்தது மூன்று நிறம்.

அட்டவணை வேலையைக் குறைக்காது மகளே. இருக்கிற வேலையை நாள் முழுவதும் பரப்பிக் காட்டும், அவ்வளவுதான். பரப்பிப் பார்த்தால் இன்னும் மலைப்பாக இருக்கும். முதலில் இந்த வேலையெல்லாம் எங்கிருந்து முளைக்கிறது என்று பாருங்கள்.

நாங்கள் குடியேறிய வீடு ஒன்றரை அறை. திருமணப் பரிசாக வந்த பாத்திரங்கள் மட்டும் ஓர் அலமாரி நிறைய இருந்தன. இரண்டே பேர், தட்டு 14, தம்ளர் 22. அலமாரியில் சுத்தமான தட்டு இருக்கும்வரை அழுக்குத் தட்டைக் கழுவ யாருக்கும் கை வராது. ஒருநாள் இரவு, விடிந்தால் கனிம வேதியியல் தேர்வு, தண்ணீர் குடிக்கத் தம்ளர் இல்லை. சிங்கில் கிடந்ததை எரிச்சலில் எண்ணினேன். 9 தட்டு, 22 தம்ளர். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: சிங்கில் எவ்வளவு சேரும் என்பதைத் தீர்மானிப்பது சாப்பிடுகிற வாய் இல்லை, அலமாரி.

தேர்வு முடிந்து வந்ததும் இரண்டு தட்டு, இரண்டு தம்ளர், இரண்டு கிண்ணம், சமைக்க மூன்று பாத்திரம் ஆகியவற்றை மட்டும் வெளியே வைத்தோம். மீதியைப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியிலிட்டுப் பரணில் ஏற்றினோம். ஏணியில் நின்றபடியே கணவர், "விருந்தாளி வந்தால்?" என்றார். "இறக்குவோம்" என்றேன். அதன்பிறகு அடுத்த வேளை சாப்பிட வேண்டுமானால் அந்தத் தட்டைக் கழுவியே ஆகவேண்டும். ஒரு தட்டுக்கு அரை நிமிடம். அதற்கு மனவுறுதி எதுவும் வேண்டாம், பசி போதும். படித்து முடிக்கும்வரை அந்தச் சிங்க் நிறையவே இல்லை. நிறைவதற்கு வெளியே பொருள் இருந்தால்தானே!

நாற்காலித் துணிக்கு வருகிறேன். அது சோம்பலால் சேர்வதில்லை. ஒருமுறை உடுத்திய துணி அழுக்குக் கூடைக்குப் போகும் அளவுக்கு அழுக்கில்லை. துவைத்த துணியோடு மடித்து வைக்கும் அளவுக்குச் சுத்தமுமில்லை. அதற்கென்று வீட்டில் இடமே இல்லாததால் அது நாற்காலியில் போய் உட்காருகிறது. கதவுக்குப் பின்னால் ஆளுக்கு மூன்று கொக்கி அடியுங்கள். நான்காவது துணி வந்தால் ஒன்று கூடைக்குப் போகவேண்டும். துவைத்த துணியை மட்டும் ஈரத்தோடு வாளியில் விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடாதீர்கள். சரியாகக் காயாத துணியில் வரும் அந்தப் புளித்த வாடைக்கு மொராக்ஸெல்லா என்ற வகைக் கிருமி காரணம் என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வாடை வந்த துணியைத் திரும்பத் துவைப்பது ஒரே வேலையை இரண்டுமுறை செய்வதுதானே. உலர்த்த நேரமில்லாத நாளில் துவைக்கவே வேண்டாம். சோப்புத்தூளை அள்ளிப் போட்டால் கூடுதலாக வெளுக்கும் என்பதும் இல்லை. அலசி முடியாது, துணியிலேயே தங்கி விறைக்கும்.

சமையலில் கை வேலையைவிட, "இன்றைக்கு என்ன?" என்ற கேள்விதான் ஆளைக் களைப்பாக்கும். அதுவும் மாலை எட்டு மணிக்கு, பசியோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு. நாங்கள் ஐந்து சமையலை முடிவு செய்து, கிழமைக்கு ஒன்றாக ஒதுக்கிவிட்டோம். வாரத்தின் மீதி இரண்டு நாள் மிச்சத்துக்கு. அலுத்ததா என்றால் அலுத்தது. ஆனால் வெப்ப இயக்கவியலை ஒருமுறை படித்து முடிக்கும் நேரம் மிஞ்சியது.

இரட்டிப்பாகச் சமைத்து வைப்பதில் எனக்கு ஓர் அடி விழுந்தது. ஓர் ஆழமான பாத்திரம் நிறையச் சமைத்து, ஆறட்டும் என்று மேடையிலேயே வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் மேலே நன்றாக இருந்தது, கரண்டியை உள்ளே விட்டால் நடுவில் நுரை. வேதியியல் படிக்கிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிகள் பெருக 5 முதல் 60 டிகிரி செல்சியஸ்வரை வாகான இடம். ஆகவே சமைத்ததைத் தட்டையான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடவேண்டும். மூன்று நாள், மிஞ்சிப்போனால் நான்கு நாள். சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, நடுவிலும் ஆவி பறக்கச் சூடாக்கவேண்டும். மூடியில் தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். "இது எப்போது வைத்தது?" என்று இரவில் ஆராய்ச்சி செய்யவேண்டியிருக்காது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். லில்லியன் கில்பிரெத் என்ற அமெரிக்கப் பெண்மணி, பல குழந்தைகளுக்குத் தாயான பிறகு, 1915-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் பெற்றது மொத்தம் 12 குழந்தைகள். அவருடைய கணவர் ஃபிராங்க், செங்கல் அடுக்கும் கொத்தனாரின் கை அசைவுகளை எண்ணி, 18 அசைவுகளை ஐந்தாகச் சுருக்கியவர். லில்லியன் அதே கண்ணோடு சமையலறையைப் பார்த்தார். இன்று நம் ஃபிரிட்ஜ் கதவின் உட்பக்கத்தில் இருக்கும் தட்டும், காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியும் அவர் யோசனைகளாகச் சொல்லப்படுபவை. அவர் வீட்டில் வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் "12 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் செய்யவில்லையா" என்று யாராவது உங்களைக் குத்திக்காட்டுவார்கள். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: ஒரு பொருள் முதலில் எங்கே கைக்குத் தேவைப்படுகிறதோ அங்கேயே அதன் இடம். கத்தரிக்கோல் எங்கள் வீட்டில் மேசை இழுப்பறையில் இருந்தது. அதைத் தேடியதெல்லாம் சமையலறையில். ஒரு நூலில் கட்டிச் சமையலறை ஆணியில் தொங்கவிட்டேன். 38 ஆண்டுகளாக அங்கேதான் தொங்குகிறது.

சுவரில் ஒட்டிய அட்டவணையைக் கிழிக்காதீர்கள். அதன் பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கும்? முடிந்துபோன சாமான்களை எழுதிவைக்க உதவும்.

கேள்வி: என் மனைவி முழுநேரமாகப் படிக்கிறாள், நான் வேலைக்குப் போகிறேன். வீட்டு வேலையில் எவ்வளவோ உதவுகிறேன். எதைச் சொன்னாலும் செய்வேன். அவளோ சொல்வதில்லை, பிறகு கோபித்துக்கொள்கிறாள். சொன்னால்தானே தெரியும்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. "உதவுகிறேன்" என்கிறீர்கள். அடுத்த வீட்டுக்காரர் செய்தால் அது உதவி. உங்கள் சட்டையை நீங்கள் துவைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

சொல்வதும் ஒரு வேலைதான். விளக்கு எரியவில்லை என்று கவனிப்பது, எந்த அளவு விளக்கு என்று பார்த்துவைப்பது, வாங்கியாகிவிட்டதா என்று நினைவில் வைத்திருப்பது, "மாட்டினீர்களா?" என்று கேட்பது, கேட்டால் முகம் சுருங்குமோ என்று யோசிப்பது. நீங்கள் செய்வது கடைசியில் விளக்கை மாட்டும் இரண்டு நிமிடம். மற்றதெல்லாம் அவர் தலையில், நாளைய பாடத்துக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சு சமூகவியலாளர் மோனிக் எக்கோ 1984-இல் இதற்கு 'மனச்சுமை' என்று பெயரிட்டு எழுதினார். வேலையிடத்தில் இருக்கும்போது வீடும், வீட்டில் இருக்கும்போது வேலையும் ஒரே தலைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடப்பதை அவர் அப்படிச் சொன்னார். படிக்கிற பெண்ணுக்கு அந்த இரண்டோடு பாடப்புத்தகமும் சேர்ந்துகொள்கிறது.

வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல் துறை துறையாகப் பிரியுங்கள். எங்கள் வீட்டில் துணித் துறை முழுவதும் என் கணவருடையது. எது அழுக்கு, எப்போது துவைப்பது, சோப்பு தீர்ந்துவிட்டதா, மழை வருமா என்பதெல்லாம் அவர் கவலை. சமையல் முழுவதும் என்னுடையது. கட்டணங்கள் அவருக்கு, வீட்டுக்காரரோடு பேச்சு எனக்கு.

இரண்டாம் வாரமே அவர் புதுச் சிவப்புத் துணியோடு என் ஆய்வகத்து வெள்ளை மேலங்கியை ஊறப்போட்டுவிட்டார். வெளியே வந்தது ரோஜா நிறத்தில். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. வெளுப்பானை நீர்த்துப் போட்டால் பருத்தியிலிருந்து அந்தச் சாயம் பெரும்பாலும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் துணி மறுபடி என் துறையாகியிருக்கும். மூன்று வாரம் ரோஜா நிற மேலங்கியோடு ஆய்வகத்துக்குப் போனேன். வகுப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது, அதை இங்கே எழுதமாட்டேன். நான்காம் வாரம், சலவைக்காரர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவரே அதை வெளுத்துக் கொடுத்தார், கொஞ்சம் பெருமையோடு. அதற்குப்பிறகு இன்றுவரை எங்கள் வீட்டில் சாயம் ஒட்டியதில்லை.

ஆகவே மனைவிக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: உங்கள் துறையில் நீங்கள் தடுக்கி விழுந்தால் அவர் ஓடிவந்து தூக்கக்கூடாது.

கேள்வி: பாத்திரத்தை ஊறவைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தால் மாமியார் சோம்பேறித்தனம் என்கிறார். உண்மையா?

பதில்: 20 நிமிடம் ஊறவைத்தால் அது வேதியியல். காய்ந்து ஒட்டிய மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பித் தானாகவே பிடியை விட்டுவிடும். நீங்கள் தேய்க்கவேண்டியதைத் தண்ணீர் செய்கிறது. எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர். இரவு முழுக்க ஊறவைத்தால் மாமியார் சொல்வது சரி. காலையில் அந்தத் தண்ணீரை மோந்து பாருங்கள், நான் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: வாரநாளில் முடியாததால் ஞாயிறு முழுவதும் வீட்டைச் சுத்தம் செய்கிறேன். திங்களன்று வகுப்பில் தூக்கம் வருகிறது. சீக்கிரம் முடிக்க, கழிப்பறைக்கு இரண்டு மூன்று திரவங்களைச் சேர்த்து ஊற்றலாம் என்று தோழி சொல்கிறாள்.

பதில்: கடைசி வரியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஊற்றாதீர்கள். குளோரின் வெளுப்பானோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கழிப்பறைக் கறை நீக்கும் திரவங்களில் பல, அமிலம்தான், வினிகரும் அமிலம்தான். வெளுப்பானோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமீன் வாயு. மூடிய சிறிய அறையில் இரண்டுமே மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். ஒரு நாளைக்கு ஒரு திரவம், கதவும் சன்னலும் திறந்திருக்கவேண்டும். தோழிக்கும் சொல்லிவிடுங்கள், இன்றைக்கே.

இனி ஞாயிறு. பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் 1955-இல் கேலியாக ஒரு விதி எழுதினார்: வேலை, தனக்குக் கொடுத்த நேரம் முழுவதும் நிறையும்வரை விரிந்துகொண்டே போகும். அவர் அரசு அலுவலகங்களைப் பற்றித்தான் எழுதினார் என்றாலும், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் துடைப்பத்துக்கு எழுதிக்கொடுத்தவர்களுக்கும் அது பொருந்தும். மின்விசிறி இறக்கையில் தொடங்கி, பழைய கடிதக் கட்டு வரைக்கும் போய், அதில் இரண்டை எடுத்துப் படித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்போம். கடிகாரத்தில் ஒரு மணி நேரம் அலாரம் வையுங்கள். முதலில் கழிப்பறை, பிறகு சமையல் மேடை, பிறகு தரை. மணி அடித்தால் நிறுத்திவிடவேண்டும், பாதி அறை மிஞ்சினாலும். மிஞ்சிய பாதிக்கு அடுத்த வாரம் முதலிடம். விசிறி இறக்கை தேர்வு முடியும்வரை தூசியோடு சுற்றட்டும்.

கேள்வி: படிக்க ஒருசேர இரண்டு மணி நேரம் கிடைப்பதே இல்லை. கிடைப்பதெல்லாம் கால் மணி, அரை மணி. இரவு தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். படித்தது மனத்தில் படிவதே தூக்கத்தில்தான். வயதுவந்தவருக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். நான் நாலு மணி நேரத் தூக்கத்தோடு எழுதிய ஒரே தேர்வில், நன்றாகத் தெரிந்த சமன்பாட்டைச் சமன் செய்யாமலே விட்டுவிட்டு வந்தேன்.

கால் மணிகளை மட்டமாக நினைக்காதீர்கள். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். படித்த முதல் மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் குறைந்த உழைப்பே போதும் என்பதும் அவர் கண்டதுதான். விடுதி மாணவருக்கு அந்த இடைவெளியை வலிந்து உண்டாக்கவேண்டும். உங்களுக்கு வீடே உண்டாக்கிக் கொடுக்கிறது. அடுப்பில் கொதிக்கும் நேரத்துக்கு ஒரு சீட்டு: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. என் சீட்டுகளில் எண்ணெய்க் கறை படியாதது ஒன்றுகூட இல்லை. புதிதாக ஒரு பாடத்தைப் புரிந்துகொள்வதற்கு மட்டும் நீண்ட நேரம் வேண்டும். அதற்கு வாரத்தில் ஒரு காலை, நூலகத்தில். வீட்டில் உட்கார்ந்தால் சிங்க் கூப்பிடும்.

கேள்வி: தேர்வு வாரத்தில் உறவினர் வந்து தங்கப்போவதாகச் சொல்கிறார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பதில்: யாருடைய உறவோ அவர் சொல்லவேண்டும். கணவர் பக்கத்து உறவானால் கணவர், உங்கள் பக்கமானால் நீங்கள். தேர்வு முடியும் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். "இப்போது வேண்டாம்" என்பதைவிட "20-ஆம் தேதிக்குப் பிறகு நான்கு நாள் இருந்துவிட்டுப் போங்கள்" என்பது காதில் இனிமையாக விழும். கேட்காமலே வந்து நின்றுவிட்டால் பரணில் இருந்து பெட்டியை இறக்குங்கள். நேர்ந்தது நேர்ந்துவிட்டது.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, இப்போது உங்கள் வீடு எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: தட்டு நான்காகிவிட்டது. பிள்ளைகள் படித்து வெளியே போய்விட்டார்கள். இரண்டைத் திரும்ப ஏற்றவேண்டும், ஏணியில் ஏற முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. கொக்கி ஆறும் நிறைந்துவிட்டது. இதை எழுதும் இந்த நிமிடம் எனக்கு எதிரே உள்ள நாற்காலியில் மூன்று துணி கிடக்கிறது. துணி அவருடைய துறை, நான் வாய் திறக்கப்போவதில்லை.